சேர்வராயன் மலையில் பழங்கார் ஏற்றச் சோதனை

மோட்டார் விளையாட்டுகளில் மிக மெதுவானவற்றுள் ஒன்று ஏற்றச் சோதனை. கரடுமுரடான செங்குத்துத் தடத்தில் ஒரு வண்டி நிற்காமலும் பின்னால் நழுவாமலும் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை, தடத்தின் ஓரத்தில் நட்ட எண் பலகைகளைக் கொண்டு அளந்து புள்ளி இடுவார்கள். சக்கரம் நின்ற இடத்தோடு அந்தத் தடத்தில் ஆட்டம் முடிந்தது. நேரம் குறித்து மலையேறும் வேகப் பந்தயம் வேறு. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷில் 1905 முதல் நடந்துவருவது அந்த வகை. ஏற்றச் சோதனையை வளர்த்தது 1901இல் தொடங்கிய மோட்டார் சைக்கிளிங் கிளப். அதன் லண்டன்–லேண்ட்ஸ் எண்ட் ஓட்டம் 1908இல் பிறந்தது. 1934இல் அமைந்த விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்கார் கிளப், 1930 முடிவதற்குள் செய்யப்பட்ட கார்களை மையமாக வைத்து இதே விளையாட்டைத் தொடர்கிறது. இந்தியாவிலோ, தில்லியில் 1964இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பேரணி முதலாக, பழைய கார் என்றால் துடைத்து மெருகேற்றிச் சமதரையில் ஓட்டிக் காட்டுவது என்றே ஆகிவிட்டது. சேலத்துக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலையின் நில அமைப்பையும் அந்தக் கார்களின் கட்டமைப்பையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மலைக்குப் பொருந்துவது வேகப் பந்தயமோ ஊர்வலமோ அல்ல, ஏற்றச் சோதனைதான் என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இடைப்பட்ட 30 கிலோமீட்டரில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கணக்குப் போட்டால் சராசரி ஏற்றம் 25 மீட்டருக்கு 1 மீட்டர் அளவுதான். அடிவாரத்துக்கு மேலே அது கூடுகிறது என்றாலும், அரசுப் பேருந்து நாள்தோறும் ஏறும் சாலை எந்தக் காருக்கும் உண்மையான சோதனை ஆகாது. அதை வேகப் பந்தயத்துக்காக மூடுவதும் எளிதல்ல. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண்சரிந்து இந்தப் பாதை அடைபட்டபோது, மலை மேலிருந்த ஊர்கள் அதை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது தெரிந்தது. குப்பனூர் வழி ஒன்று இருப்பதால் மட்டும் முதன்மைச் சாலையை விளையாட்டுக்குக் கேட்டுவிட முடியாது. சோதனைக்கான களம் சாலைக்கு வெளியே இருக்கிறது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த காப்பி இன்று மலையின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கிறது. அந்தத் தோட்டங்களுக்குள் பிரியும் மண் தடங்கள் சாலைப் பொறியாளரின் சரிவுக் கணக்குக்குக் கட்டுப்படாதவை. அடியில் சார்னோகைட் என்னும் கடினப் பாறை, மேலே செம்புரை மண், உச்சிப் பகுதிகளில் ஒருகாலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டிய பாக்சைட். காய்ந்தால் சரளை உருளும், நனைந்தால் வழுக்கும். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களின் சருகு இரண்டையும் மூடி மறைத்துவிடும்.

இப்படிப்பட்ட தடத்தில் நூறாண்டுப் பழைய வண்டியா என்று கேட்பவர்கள், இன்றைய காரை அளவுகோலாக வைத்துக் கேட்கிறார்கள். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி தார்ச்சாலைக்காகப் பிறந்தது அல்ல. அதன் டயரின் வெளிவிட்டம் 30 அங்குலம், அகலம் மூன்றரை. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே ஏறத்தாழ 10 அங்குல இடைவெளி. ஒடுங்கிய டயர் சேற்றின் மேல் மிதக்காமல் அதை அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். மேல்மண் மெலிந்து அடியில் பாறை உள்ள இடத்தில் பிடிப்பு கிடைப்பது அப்படித்தான். 2.9 லிட்டர் எஞ்சின் தந்தது 20 குதிரைத்திறன் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மலையில் எண்ண வேண்டியது திருக்குவிசையை. அது சுமார் 112 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 900 சுற்றிலேயே. இன்றைய 1.2 லிட்டர் பெட்ரோல் சிறுகார்களும் கிட்டத்தட்ட இதையேதான் தருகின்றன. ஆனால் 4,000 சுற்றைத் தாண்டிய பிறகு. பாறை இடுக்கில் நடை வேகத்தில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு இந்த வேறுபாடு பெரிது. எஞ்சின் முன்னே, உந்துவிசை பின்னே என்ற பழைய அமைப்பும் கைகொடுக்கிறது: ஏற்றம் கூடக் கூட வண்டியின் எடை பின்சக்கரங்கள் மேல் சாய்கிறது. போதாததற்கு, பின்னால் அமர்ந்திருப்பவர்கள் எம்பி எம்பிக் குதித்துச் சக்கரத்தை மண்ணில் அழுத்துவது இந்த விளையாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட கலை. 1911இல் ஹென்றி அலெக்சாண்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு மாடல் டியை பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் உச்சிக்கே ஏற்றினார். அந்த மலையின் உயரம் சுமார் 1,345 மீட்டர், ஏற்காட்டைவிடச் சற்றுக் குறைவு. அங்கே சாலையும் இல்லை.

ஸ்காட்லாந்தின் குளிரில் முடிந்தது சேலத்து வெயிலில் முடியுமா என்ற மறுப்பு இன்னும் கனமானது. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. எஞ்சின் வலுவும் அதே அளவில் இறங்கும். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாடல் டி, ஆஸ்டின் செவன் போன்ற பல வண்டிகளில் தண்ணீரைச் சுற்றவிட பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே போகும், ஆறிய நீர் கீழே வரும் என்ற இயற்கையை நம்பிய குளிர்விப்புதான். இத்தோடு இன்றைய பெட்ரோலும் சேர்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள் பழைய ரப்பர் குழாயையும் தக்கை வளையத்தையும் அரிக்கும். சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை அடைக்கவும் செய்யும். இவை எல்லாம் மெய். ஆனால் இவற்றை மோசமாக்குவது இடைவிடாத நீண்ட ஏற்றம், அதாவது அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஒரே மூச்சில் செல்லும் சாலைப் பயணம். சோதனைத் தடம் சில நூறு மீட்டர்தான். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எஞ்சின் ஆறும், தண்ணீர் ஊற்றலாம், மேலே காற்றும் குளிர்ந்தது. வண்டிகளை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவருவதை இழுக்காக நினைக்க வேண்டியதில்லை. எரிபொருள் குழாயை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதும் வெளியே தெரியாத சிறு வேலை.

கிடைத்தற்கரிய பொருளை ஏன் பாறையில் மோதவேண்டும் என்று சேகரிப்பாளர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஒரே ஒரு பிரதி மிஞ்சிய அரண்மனைக் காரை இந்தத் தடங்களுக்கு அழைப்பது மடமை. கோவையின் ஜீடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அவை நிம்மதியாக நிற்கட்டும். ஆனால் மாடல் டி ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. ஆஸ்டின் செவன் 1922 முதல் 1939 வரை இலட்சக்கணக்கில் வெளிவந்தது. உதிரிபாகங்கள் இன்னும் புதிதாக வார்க்கப்படுகின்றன. பன்னாட்டுப் பழம்வாகனக் கூட்டமைப்பு 2013இல் ஏற்ற டூரின் சாசனம், வண்டியை ஓட்டுவதையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. ஓடாமல் நிற்கும் எஞ்சினில் வளையங்கள் இறுகும், டேங்கில் துரு ஏறும், இரட்டைக் கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் கைப்பழக்கமும் ஓட்டுநரோடு போய்விடும். இதில் கடைசியாகச் சொன்னதைப் பணம் கொடுத்து மீட்க முடியாது.

பிரிட்டனின் வரலாறே இந்த விளையாட்டுக்கு எதிரான வலுவான சாட்சி என்று சொல்லலாம். 1930களில் போட்டி முற்றியபோது எம்ஜி நிறுவனத்தின் ஆதரவோடு தனி அணிகளே இறங்கின. சிட்னி அல்லார்டு ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்துச் சோதனைக்கென்றே வண்டி கட்டினார். ஆழ வெட்டு டயர்கள் எளிய கார்களை ஒதுக்கித் தள்ளவே, பத்தாண்டின் இறுதியில் அந்த டயர்களைத் தடைசெய்ய வேண்டிவந்தது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பழைய கார் விளையாட்டு புதுக் கார் விளையாட்டாகவே முடியும் என்பது உண்மை. இந்தியாவில் அந்தக் கட்டுப்பாட்டைச் சட்டம் முன்கூட்டியே போட்டுவைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிதான் பழம்வாகனம். அதற்கு ‘விஏ’ எழுத்துகளுடன் தனிப் பதிவெண்; புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, ஆய்வு, பழங்கார் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ கூடாது. வி8 எஞ்சினைத் திணித்தவர் பதிவையே இழக்க நேரிடும். ஏற்பாட்டாளர்கள் இதைத் தொல்லையாகக் கருதாமல் போட்டி விதியாகவே எடுத்துக்கொள்ளலாம். பேரணியின் ஓர் அங்கமாகச் சோதனைத் தடங்களை வைப்பதுதான் சட்டத்தின் எழுத்துக்கும் ஒத்துவரும்.

எஸ்டேட் ஜீப் எந்தத் தடத்திலும் ஏறுமே என்பார்கள். ஏறும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு ஏறுமா என்ற கேள்வியே எழாது. 1940களின் வில்லிஸ் ஜீப்பும் சட்டப்படி பழம்வாகனம்தான் என்பதால் அதற்குத் தனிப் பிரிவு வைப்பது நேர்மை.

காட்டைப் பற்றிய மறுப்புக்குத்தான் முழு விடை இல்லை. சேர்வராயன் மலையில் காப்புக்காடுகள் உண்டு, காட்டெருமைகள் உண்டு. அங்கே சக்கரம் நுழையவே கூடாது. தோட்டத் தடங்கள் தனியார் நிலம் என்பதால் உரிமையாளரின் ஒப்புதலோடு ஓட்டலாம் என்றாலும், சரிவில் சக்கரம் சுழன்று விழும் பள்ளம் அடுத்த மழையில் ஓடையாகும். மேல்மண் அதன் வழியே போய்விடும். ஆகவே தடத்துக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும், முடிந்த அன்றே பள்ளத்தைக் கல் போட்டு நிரப்பும் கடமையும் வேண்டும். காலத்தைக் காப்பியே முடிவுசெய்கிறது. பழம் பறிப்பு பெரும்பாலும் பிப்ரவரிக்குள் முடிகிறது; கோடை மழை விழுந்ததும் பூ வெடிக்கும். நடுவில் கிடைப்பது சில உலர்ந்த வாரங்கள். மே மாதக் கோடை விழா நெரிசலில் இதை நடத்த நினைப்பவர் மலையை அறியாதவர்.

பிரிட்டிஷ் விதிகளை அப்படியே எடுத்துவந்தால் ஒரு குறை இருக்கும்: அவை பெரும்பாலும் ஏற்றத்துக்கே புள்ளி தருகின்றன. சேர்வராயனில் பழங்காருக்கு ஆபத்து இறக்கத்தில்தான். 1930 வரை வந்த ஆஸ்டின் செவனில் கால்பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். முன்சக்கரங்களுக்குக் கைப்பிடியை இழுக்கவேண்டும். மாடல் டியின் கால்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு பட்டையில் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் அழுத்திக்கொண்டே வந்தால் அது கருகிப்போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை லாரி ஓட்டுநர்கள் சொல்வது இந்த வண்டிகளுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். எனவே இங்கே வகுக்கப்படும் விதியில் ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் இறக்கம் இணைய வேண்டும்: குறித்த கோட்டில் நிறுத்தி, பிடித்து, மீண்டும் நகர்த்த முடியாத வண்டிக்கு ஏற்றத்தில் கிடைத்த புள்ளியும் கிடையாது.