சிறப்பு மதிப்பீட்டுக் கட்டணம் (கலிபோர்னியா)

சிறப்பு மதிப்பீட்டுக் கட்டணம் என்பது, ஒரு பொதுப்பணியினால் தனிப்பட்ட முறையில் நன்மை பெறும் நிலங்களின் மீது மட்டும், அந்நன்மையின் அளவுக்கு ஏற்ப விதிக்கப்படும் கட்டணம் ஆகும். மழைநீர் வடிகால், வெள்ளத் தடுப்புக் கரை, நடைபாதை, தெருவிளக்கு போன்றவற்றை அமைக்கவும் பராமரிக்கவும் ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் இம்முறை பயன்படுகிறது. இக்கட்டுரை கலிபோர்னியா மாநில நடைமுறையை விளக்குகிறது.

இது சொத்துவரியிலிருந்து வேறுபட்டது. சொத்துவரி நிலம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைப் பொறுத்தது. அதில் கிடைக்கும் பணத்தை அரசு எப்பொதுச் செலவுக்கும் பயன்படுத்தலாம். சிறப்பு மதிப்பீடு நன்மையைப் பொறுத்தது. குறித்த பணிக்கு மட்டுமே செலவிட இயலும். இருப்பினும் இரண்டும் கவுண்டி அனுப்பும் ஒரே சீட்டில் இடம்பெறுவதால், வீட்டு உரிமையாளர் பலர் இரண்டையும் ஒன்றாகவே கருதுகின்றனர்.

சிறப்பு மாவட்டம்

இக்கட்டணத்தை நகராட்சியோ கவுண்டியோ விதிக்கலாம். பல இடங்களில் சிறப்பு மாவட்டம் என்னும் தனி அமைப்பு விதிக்கிறது. இங்கு மாவட்டம் என்பதை நாம் அறிந்த ஆட்சியர் தலைமையிலான மாவட்டத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது. இது வடிகால், பாசனம், தீயணைப்பு, கொசு ஒழிப்பு போன்ற ஒன்றிரண்டு பணிகளுக்காக மட்டும் எல்லை வகுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்பு. அதன் எல்லை சில தெருக்களாகவும் இருக்கலாம், பல நகரங்களைக் கடந்தும் செல்லலாம்.

வரலாறு

இங்கிலாந்தில் 1531 ஆம் ஆண்டின் வடிகால் சட்டம், கரைகளையும் வாய்க்கால்களையும் பழுதுபார்க்கும் செலவை அவற்றால் பயன்பெறும் நில உரிமையாளர்களிடம் வசூலிக்கும் அதிகாரத்தை ஆணையர்களுக்கு அளித்தது. 1666 இன் பெருந்தீக்குப் பின் இலண்டனை மீளக் கட்டுவதற்கான சட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றது. அச்சட்டத்தைத் தழுவி 1691 இல் நியூயார்க்கில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்காவில் இம்முறையின் தொடக்கமாக அதையே குறிப்பிடுவர்.

1850 இல் நடுவண் அரசு சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கியது. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் ஆறுகளின் கழிமுகத்தில் அந்நிலங்களை வாங்கியவர்கள் நிலமீட்பு மாவட்டங்களை அமைத்துக் கரை கட்டினர். அவற்றுள் பல இன்றும் இயங்குகின்றன.

1978 இல் வாக்காளர் நிறைவேற்றிய 13 ஆம் முன்மொழிவு சொத்துவரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு வரையறுத்தது. வருவாய் குறைந்த உள்ளாட்சிகள் அவ்வரம்புக்குள் அடங்காத சிறப்பு மதிப்பீட்டின் பக்கம் திரும்பின. பூங்காப் பராமரிப்புக்கும் அதைப் பயன்படுத்தலாம் என 1992 இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. இதற்கு எதிர்வினையாக 1996 இல் 218 ஆம் முன்மொழிவு வந்தது. இன்றைய விதிகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறந்தவை.

கணக்கிடும் முறை

முதலில் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் அறிக்கை தயாரிக்க வேண்டும். ஊர் முழுவதற்கும் கிடைக்கும் பொது நன்மையை அவர் பிரித்து நீக்க வேண்டும். அப்பங்கை நிலங்களின் மீது சுமத்த முடியாது, வேறு நிதியிலிருந்து ஈடுகட்ட வேண்டும். நிலத்தின் விலை பொதுவாக உயரும் என்பதும் சிறப்பு நன்மையாகக் கொள்ளப்படாது. அரசுக்குச் சொந்தமான நிலங்களுக்கும் விலக்கு இல்லை.

மழைநீர் வடிகாலைப் பொறுத்தவரை, ஒரு மனையிலிருந்து வழிந்தோடும் நீரின் அளவே வழக்கமான அளவுகோல். சராசரி வீட்டு மனை ஒன்றை 1 அலகாகக் கொண்டு, தார் அல்லது காரை பூசிய பரப்பைப் பொறுத்து மற்றவற்றுக்கு அலகு வழங்குவர். எடுத்துக்காட்டாக, ஒரு கற்பனை வடிகாலுக்கு 20 இலட்சம் டாலர் செலவாகிறது எனக் கொள்வோம். பொது நன்மை 20 விழுக்காடு எனில் மீதி 16 இலட்சம். வீடுகள் 600 அலகு, வணிக வளாகம் 150, பள்ளி 50, ஆக மொத்தம் 800 அலகு. ஓர் அலகுக்கு 2,000 டாலர். இத்தொகைக்கு முன்கூட்டியே கடன் பத்திரம் வெளியிட்டுப் பணியை முடித்து, பின்னர் ஆண்டுதோறும் வட்டியுடன் வசூலிப்பதே வழக்கம்.

வாக்கெடுப்பு

ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் அஞ்சலில் அறிவிப்பும் வாக்குச்சீட்டும் அனுப்பி, குறைந்தது 45 நாள் கழித்துப் பொது விசாரணை நடத்த வேண்டும். திரும்பி வந்த சீட்டுகள் மட்டுமே எண்ணப்படும். அவை தலைக்கு ஒன்றாக எண்ணப்படுவதில்லை. செலுத்த வேண்டிய தொகையே வாக்கின் எடை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 200 வீட்டார் எதிர்த்தும், 60 வீட்டாரும் வணிக வளாகமும் ஆதரித்தும் வாக்களித்தால், 210 க்கு 200 என்ற கணக்கில் திட்டம் நிறைவேறும். வாடகைக்குக் குடியிருப்போருக்கு, கட்டணத்தை நேரடியாகச் செலுத்தும் பொறுப்பு இருந்தாலன்றி, வாக்கில்லை.

விவாதங்கள்

நிலத்தின் அளவில் வாக்கு என்பது எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு டுலாரே ஏரிப் படுகை வழக்கு சான்றாகும். அங்குள்ள நீர்த்தேக்க மாவட்டத்தின் பரப்பு 1,93,000 ஏக்கர். குடியிருந்தோர் குழந்தைகள் உட்பட 77 பேர் மட்டுமே. நில மதிப்பில் 100 டாலருக்கு ஒரு வாக்கு. இதனால் பாஸ்வெல் என்னும் ஒரே நிறுவனம் 37,825 வாக்குகளுடன் ஆட்சிக் குழுவின் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 1973 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறை செல்லும் என்றது. மாவட்டத்தின் செலவை நிலமே தாங்குகிறது, அதன் பணியும் குறுகியது என்பது காரணம். நீதிபதி டக்ளஸ் உள்ளிட்ட மூவர் உடன்படவில்லை. 1969 வெள்ளத்தில் குடியிருப்போரின் வீடுகள் மூழ்கியதை டக்ளஸ் சுட்டிக்காட்டினார். விவசாயத்துக்காக வற்றவைக்கப்பட்ட அவ்வேரி 2023 இல் மீண்டும் நிரம்பி, ஓர் இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பை மூடியது.

எதிர்த்திசையிலும் ஒரு தீர்ப்பு உண்டு. ஒகையோ மாநிலத்தின் நார்வுட் என்னும் சிற்றூர், ஒரு பெண்ணின் நிலத்தின் குறுக்கே தெரு அமைக்க 2,000 டாலர் இழப்பீடு வழங்கியது. பின்னர் அதே தொகையையும் வழக்குச் செலவையும் சேர்த்து 2,218.58 டாலரை அவருடைய மீதி நிலத்தின் மீதே கட்டணமாக விதித்தது! நன்மைக்கு மிஞ்சிய கட்டணம் இழப்பீடின்றி நிலத்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என 1898 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1901 இன் தீர்ப்பு ஒன்று இதன் வீச்சைக் குறைத்தது.

வசூல்

கட்டணம் சொத்துவரியுடன் இரு தவணைகளில், டிசம்பர் 10, ஏப்ரல் 10 ஆகிய நாள்களுக்குள் செலுத்தப்பட வேண்டும்; தவறினால் 10 விழுக்காடு தண்டம். வீடுகளைப் பொறுத்தவரை ஐந்தாண்டு நிலுவை இருப்பின் கவுண்டி அவற்றை ஏலம் விட முடியும். புது வடிகால் அமைக்க விதிக்கும் கட்டணத்தை வருமான வரியில் கழிக்க இயலாது; வட்டிக்கும் பராமரிப்புக்கும் உரிய பகுதியைக் கழிக்கலாம்.