சர்க்கஸ் முதலாளிகளும் ஞாபகம் என்னும் சொத்தும்

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு எதிர் மைதானத்தில் சென்ற வருஷம் ஒரு சர்க்கஸ் வந்து இருபத்தெட்டு நாள் இருந்தது. தினமும் காலை பதினோரு மணிக்கு அதன் மானேஜர் முந்தின நாள் வசூலைக் கொண்டுவருவார். பாதிக்கு மேல் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள். நோட்டுகளில் மரத்தூள் ஒட்டியிருக்கும். எண்ணும் மெஷின் அடிக்கடி நின்றுவிடும். நான் கையால் எண்ணும்போது அவர் எதிரில் உட்கார்ந்து கம்பெனியின் சரித்திரத்தைச் சொல்வார். முதலாளியின் தகப்பனார் எந்த வருஷம் எந்த ஊரில் முதல் காட்சி நடத்தினார், எந்தப் புயலில் கூடாரம் போயிற்று, எந்த மந்திரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், முதல் யானையின் பெயர் என்ன, எல்லாம் அவருக்குத் தேதியோடு தெரியும்.

ஒரு நாள் ஆறேழு பேரைக் கணக்குத் திறக்க அழைத்துவந்தார். அதில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாள். தலச்சேரிப் பக்கம். ஒரு காலத்தில் ட்ரபீஸ் ஆடியவர். இப்போது பெண்களின் உடைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஆதார் அட்டையில் அண்ணன் வீட்டு முகவரி இருந்தது. அங்கே போய்ப் பதினொரு வருஷமாயிற்றாம். 'தற்போதைய முகவரி' என்ற கட்டத்துக்கு வந்ததும் எதிர் மைதானத்தைக் கை காட்டி, "இதுதான் ஸாரே, இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும்" என்றார். கம்பெனியில் சேர்ந்த வருஷம் எது என்று சும்மா கேட்டேன். "ஒம்பது வயசு" என்றார். வருஷம் தெரியவில்லை. மானேஜர் குறுக்கிட்டு, முதலாளி இரண்டாவது யானை வாங்கினதற்கு அடுத்த வருஷம் என்று சொன்னார்.

இந்தக் கட்டுரைக்கு அந்தப் பதில்தான் காரணம். ஒருவருடைய வாழ்க்கையின் தேதி இன்னொருவருடைய ஞாபகத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு யானையோடு சேர்ந்து. இந்திய சர்க்கஸின் சரித்திரம் என்று நம் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று பிறகு படிக்கப் படிக்கத் தோன்றியது.

அந்தச் சரித்திரம் ஒரு ரோஷத்தில் ஆரம்பிக்கிறது. 1879இல் ஜூஸெப்பே கியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. இந்தியர்கள் சொந்தமாக ஒரு சர்க்கஸ் நடத்த இன்னும் நெடுங்காலம் ஆகும் என்று அவர் சொன்னதாகவும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர் சவாலை ஏற்றதாகவும் கதை. சத்ரே தென் மராட்டியச் சிற்றரசர் ஒருவரின் குதிரை லாயத்தைக் கவனித்தவர். தானே குதிரை வித்தைக்காரர். 1880இல் தன் 'கிரேட் இந்தியன் சர்க்க'ஸைத் தொடங்கினார். அதில் அவர் குதிரை ஆட்டம் ஆடினார், மனைவி ட்ரபீஸ் ஆடினார். நான் படித்த வரலாறுகளில் இந்த அம்மாள் 'சத்ரேயின் மனைவி' மட்டும்தான். இந்திய சர்க்கஸின் முதல் ட்ரபீஸ் கலைஞர் அவர் என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் கியாரினியின் குத்தலான பேச்சுக்குக் கிடைத்த இடம் அந்த அம்மாளின் பெயருக்குக் கிடைக்கவில்லை.

சத்ரேயைச் சாதாரண வியாபாரியாகக் கருதிவிடவும் முடியாது. அவர் குவாலியரில் ஹத்து கானிடம் பாட்டுக் கற்றவர். குருவின் மகன் ரஹிமத் கான் மனம் பேதலித்து அலைந்தபோது அழைத்துவந்து தன்னோடு வைத்துக்கொண்டவர். கூடாரம் போன ஊர்களுக்கெல்லாம் அந்த மகா பாடகரும் போனார். சத்ரேக்குப் பிறகும் அந்தக் குடும்பமே அவரைப் பராமரித்தது. 1922இல் குருந்த்வாடில் இறந்தார். கடைசி வருஷங்களில் அவர் பாடின சில நிமிஷங்கள் இசைத்தட்டுகளில் இருக்கின்றன. அப்துல் கரீம் கானின் பாட்டில் ரஹிமத் கானின் நிழல் உண்டு என்று சங்கீதம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரே கூடாரத்தில் தங்கி, ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்களில் ஒருவருடைய கலை தட்டில் பதிந்து சிஷ்ய பரம்பரையில் தொடர்கிறது. பக்கத்தில் கம்பி மேல் நடந்தவனுடைய கலை, அவன் இறங்கியதும் முடிந்துவிட்டது. உடலால் செய்யும் கலைக்குச் சாட்சி உடல்தான். உடல் தளர்ந்தபின் யார் சொல்கிறார்களோ அவர்களுடைய கதை.

சத்ரேயின் சர்க்கஸ் 1880களின் பிற்பகுதியில் தலச்சேரிக்கு வந்தது. அங்கே பாசல் மிஷன் பள்ளியில் தேகப்பயிற்சி கற்பித்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அவரைச் சந்தித்தார். களரி தெரிந்தவர்; ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸும் தெரிந்தவர். சர்க்கஸுக்கு ஆட்களைப் பயிற்றுவித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். 1901இல் தலச்சேரிக்கு அருகே சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளி ஒன்றை முறையாகத் தொடங்கினார். அவருடைய மாணவர் பரியாளி கண்ணன் 1904இல் 'கிராண்ட் மலபார் சர்க்கஸ்' நடத்தினார். அது அதிக காலம் தாங்கவில்லை. ஆனால் வழி திறந்துவிட்டது. அதற்குப்பின் ஒயிட்வே, கிரேட் லயன் என்று கம்பெனிகள் அந்தச் சின்ன ஊரிலிருந்து முளைத்துக்கொண்டே இருந்தன. கிரிக்கெட், கேக், சர்க்கஸ் மூன்றும் எங்கள் ஊர் என்று தலச்சேரிக்காரர்கள் பெருமை பேசுவது வழக்கம்.

இங்கே நடந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. களரியில் ஆசானுக்கும் சிஷ்யனுக்கும் உள்ள உறவு தட்சிணையால் ஆனது. சர்க்கஸில் அது கூலியாக மாறுகிறது. ஆனால் பழைய உறவின் பாஷை மட்டும் அப்படியே கூட வருகிறது. முதலாளி ஆசானாகவும் இருப்பதால் கூலியைப் பற்றிப் பேசுவது குருநிந்தை மாதிரி ஆகிவிடுகிறது. தீயர் சமூகத்துப் பிள்ளைகள் பெருவாரியாக இந்தத் தொழிலுக்குப் போனார்கள். ஊரில் ஜாதி நிர்ணயித்த தூரங்களைக் கூடாரம் ஓரளவு அழித்தது என்பது உண்மை. அழித்த இடத்தில் வேறொரு தூரத்தை, முதலாளியின் கூடாரத்துக்கும் ஆட்டக்காரர்களின் கூடாரத்துக்கும் நடுவில், அது நிறுவிக்கொண்டது என்பதும் உண்மை.

ஆனால் முதலாளி ஒரு பக்கம், தொழிலாளி மறுபக்கம் என்று கோடு கிழித்துவிட்டுப் போக இந்தத் துறை இடம் கொடுப்பதில்லை. ஜெமினி சங்கரன் என்று அறியப்பட்ட எம்.வி. சங்கரனை எடுத்துக்கொள்வோம். 1924இல் தலச்சேரி அருகே கொளச்சேரியில் பிறந்தவர். சிறுவனாகக் கீலேரியிடம் பயின்றார். யுத்தகாலத்தில் ராணுவத்தில் இருந்தார். திரும்பிவந்து கீலேரியின் மாணவர் எம்.கே. ராமனிடம் பயிற்சியைத் தொடர்ந்தார். கல்கத்தாவில் ஒரு சர்க்கஸில் பார் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். 1951இல் நொடித்துப்போன விஜயா சர்க்கஸை ஒரு கூட்டாளியோடு ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். தன் ராசியான மிதுனத்தின் பெயரை அதற்கு வைத்தார். அந்த வருஷம் ஆகஸ்ட் 15இல் குஜராத்தின் பிலிமோராவில் ஜெமினியின் முதல் காட்சி. 1964இல் சோவியத் நாட்டுக்குப் போனது. ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்க'ரிலும் (1970) நம் 'அபூர்வ சகோதரர்க'ளிலும் (1989) நாம் பார்த்தது ஜெமினியின் கூடாரத்தைத்தான். 1977இல் ஜம்போ சர்க்கஸ். 2023 ஏப்ரலில் தொண்ணூற்றெட்டு வயதில் மறைந்தார்.

இவர் கைகளில் பாரின் தழும்பு இருந்திருக்கும். விழுந்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்த முதலாளி. இப்படிப்பட்டவர்கள் சர்க்கஸில் அபூர்வமில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. கயிற்றை விட்டு இறங்கி கல்லாவுக்கு வந்தபிறகு மனிதனின் ஞாபகத்துக்கு என்ன நேர்கிறது? முதலாளிகளின் நினைவுகளாக நான் படித்தவை, பேட்டிகளாகக் கேட்டவை எல்லாவற்றிலும் ஒரே அச்சு தெரிகிறது. ஏழ்மை, பயிற்சி, துணிச்சல், முதல் கூடாரம், புயல், தீ, பிரமுகர்களின் வருகை, வெளிநாடு. ஆட்டக்காரர்கள் வரும் இடத்தில் மட்டும் வாக்கியம் பன்மையாகிவிடுகிறது: 'நாங்கள் ஒரே குடும்பமாக இருந்தோம்.' குடும்பம் என்ற சொல்லுக்குப் பிறகு ஒப்பந்தம், முன்பணம், எலும்பு முறிவு, வயது பற்றி எதுவும் கேட்க முடியாது. குடும்பத்தில் யாராவது கணக்குக் கேட்பார்களா?

ஆட்டக்காரர்களில் பெயர் நின்றவர்கள் உண்டு. தலச்சேரியிலிருந்து போய், 1930களில் லண்டன் பெர்ட்ரம் மில்ஸ் சர்க்கஸில் துள்ளுகயிற்றின் மேல் ஆடிப் புகழ் பெற்றார் ஒருவர்; வெள்ளைக்காரர்கள் அவரைக் கண்ணன் பம்பாயோ என்று அறிந்தார்கள். கண்ணன் அவருடையது, பம்பாயோ சந்தைக்காக. ப்ரியநாத் போஸின் கிரேட் பெங்கால் சர்க்கஸில் புலிக்கூண்டுக்குள் நுழைந்த சுசீலா சுந்தரியும் அப்படித் தப்பிய ஒரு பெயர். தன் கதையைத் தானே சொன்னவர் என்றால் புலி பழக்கிய தாமு தோத்ரே. அவருடைய புத்தகமும் 1961இல் அமெரிக்காவில், வேறொருவரின் பேனா வழியாக, ஆங்கிலத்தில் வந்தது. விதிவிலக்கு மலையாளத்தில்தான். ஸ்ரீதரன் சம்பாட் கூடாரத்துக்குள் வேலை செய்து வெளியே வந்து எழுதினார். அரவிந்தன் 1978இல் எடுத்த 'தம்பு'வில் நிஜமான கிரேட் சித்ரா சர்க்கஸ் கலைஞர்கள் காமிராவைப் பார்த்துத் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். ஆட்டத்தைவிட அந்த முகங்கள்தான் அந்தப் படம். 2020இல் வெளியான பி.ஆர். நிஷாவின் ஆய்வு நூல் இந்தத் தொழிலாளர்களை மையமாக வைத்தே இந்திய சர்க்கஸின் சமூக வரலாற்றைப் பேசுகிறது. நம் மொழியில் என்ன இருக்கிறது? சினிமாப் பாட்டுக்கு நடுவே ஒரு கூடாரம் இருக்கிறது. நம் புதுக்கவிதைகளில் கயிற்றில் நடப்பவள் எத்தனையோ முறை வந்துவிட்டாள்: இருத்தலின் உருவகமாக, கவிஞனின் உருவகமாக. அவளுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று எந்தக் கவிதையும் கேட்டதில்லை. இதில் நானும் குற்றவாளி; அப்படியொரு கவிதை எழுதி அச்சேற்றியிருக்கிறேன். காஃப்காவின் பட்டினிக் கலைஞன் கதையைக் கலைஞனின் துயரமாகவே இங்கே வாசித்தோம். அதில் நாற்பது நாள் என்று பட்டினிக்கு எல்லை வைப்பது கலைஞன் இல்லை, அவனை வைத்து நடத்தும் முதலாளி. அதற்குமேல் கூட்டம் வராது என்பது அவனுடைய அனுபவம். வங்கியில் உட்கார்ந்து வசூலை எண்ணியிராவிட்டால் அந்த விவரம் என் கண்ணில் பட்டிருக்காது.

இனி சட்டம். 1998 அறிவிப்பு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் காட்சியிலிருந்து விலக்கியது. சர்க்கஸ்காரர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 2000இல் கேரள உயர்நீதிமன்றமும் 2001இல் உச்சநீதிமன்றமும் அறிவிப்பையே உறுதி செய்தன. குழந்தைகளைச் சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய உச்சநீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது 2011 ஏப்ரல் 18இல். சிங்கத்துக்கும் சிறுமிக்கும் நடுவில் பன்னிரண்டரை வருஷம். இந்த இரண்டு சட்டங்களும் தங்கள் தொழிலைக் கொன்றுவிட்டதாக முதலாளிகள் சொல்கிறார்கள். சிறுவயதில் வளைக்காத உடல் பிறகு வளையாது என்ற அவர்களுடைய வாதம் தொழில்ரீதியாகப் பொய்யில்லை. ஆனால் உடலை வளைக்க ஏற்ற வயதும், தன் சம்மதத்தைச் சொல்லத் தெரியாத வயதும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். இந்தக் கலையின் அழகு அந்தச் சிக்கலின் மேல் நின்றது என்பதை ரசிகர்களாகிய நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் கைதட்டியது அதற்குத்தான்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, மறுபடி கையெழுத்துக்காக வந்த அந்த அம்மாளிடம், ஒன்பது வயதில் கொண்டுவந்து விட்டுவிட்டார்களே, வருத்தம் இல்லையா என்று கேட்டேன். கேள்வியில் இருந்த கருணை எனக்கே இனித்தது. அவர் சிரித்தார். "வராம இருந்தா பீடி சுத்தியிருப்பேன் ஸாரே. எங்க அக்கா சுத்தினா. முப்பது வயசிலே இருமல். நான் காத்திலே பறந்தேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா என் மகளைக் கொண்டுவரலே. படிக்கறா" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள என்னால் இன்னும் முடியவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் முதலாளிகள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவதை மட்டும் சீர்திருத்தக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவளுக்குச் சரித்திரத்தில் இடம் எங்கே? முதலாளியின் ஞாபகம் அவன் சொத்தின் ஒரு பகுதி. கூடாரத்தோடும் யானையோடும் மகனுக்குப் போகிறது. ஆட்டக்காரியின் ஞாபகத்துக்கு வாரிசு இல்லை. மகள் வேறு உலகத்துக்குப் போய்விட்டாள், போகத்தான் வேண்டும். ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்குக் கேரள அரசு பென்ஷன் தருகிறது. அந்த விண்ணப்பங்களில்தான், எந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம் என்று, அவர்களுடைய சரித்திரம் முதன்முதலாக அவர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எழுத்தாளர்களைவிட குமாஸ்தாக்கள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள்.

கணக்குத் திறந்த அன்று, தபாலுக்குக் கம்பெனி ஆபீஸ் முகவரியைப் போட்டுவிடலாமே என்று மானேஜர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும், "வேண்டாம். இங்கேயே வரட்டும்" என்றார். காரணம் சொல்லவில்லை. நான் மைதானத்தின் பெயரையே எழுதினேன். ஏ.டி.எம். கார்டு வந்துசேர்வதற்குள் இருபத்தைந்தாம் தேதி தாண்டிவிட்டது. மூன்று நாள் நீட்டித்தும் பயனில்லை. தபால்காரர் மைதானத்தில் நின்று பார்த்துவிட்டு, 'ஆள் இல்லை' என்று எழுதி, உறையை எங்கள் கிளைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அது என் மேஜை டிராயரில் இருக்கிறது. அவர் கொடுத்திருந்த செல்போன் எண் கிடைப்பதில்லை. மானேஜரின் எண் என்னிடம் உண்டு. அவரிடம் கொடுத்தனுப்பினால் நாலு நாளில் போய்ச்சேரும். குறிப்பிட்ட காலத்துக்குள் உரியவர் வந்து வாங்காவிட்டால் கார்டை இரண்டாக வெட்டிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. மானேஜரை இதுவரை கூப்பிடவில்லை.