பரிசும் மொழிவேலியும்

1954-இல் பம்பாய் மெட்ரோ அரங்கில் பிலிம்பேர் பரிசுகள் முதன்முறையாக வழங்கப்பெற்றன. அவை இந்திப் படங்களுக்கே உரியவை. அதே நகரில், மாட்டுங்கா அரோரா அரங்கில் தமிழ்ப்படம் கண்டு மகிழ்ந்த நம்மவர், தம் அபிமான நடிகரின் பெயரை அம்மேடையிற் கேட்க வழியில்லை.

திருவல்லிக்கேணியிற் பிறந்த வைஜயந்திமாலா, இந்தியில் நடித்ததனாலேயே அம்மேடைக்கு உரியவரானார். ‘தேவதாஸ்’ (1955) படத்தின் சந்திரமுகிக்குத் துணைநடிகைப் பரிசு அறிவித்தபோது, அது கதாநாயகிக்கு இணையான பாத்திரமென்று கூறி ஏற்க மறுத்தார். துணிவுதான்! பின்னர் ‘சாதனா’ (1958) அவருக்குச் சிறந்த நடிகைப் பரிசையே ஈட்டித் தந்தது.

தமிழிலேயே நின்ற சிவாஜி கணேசனுக்கோ, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக 1960-இல் கெய்ரோ நகரின் ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா சிறந்த நடிகர் பரிசளித்தது. அந்நியராட்சியை அறிந்த அந்நாடுகளுக்குக் கட்டபொம்மனின் சீற்றம் மொழிபெயர்ப்பின்றியே விளங்கியிருக்கும்.

அமெரிக்காவில் 1940-இல் ஆஸ்கார் வென்ற ஹாட்டி மக்டேனியல், கறுப்பினத்தவர் என்பதாற் தனிமேசையில் அமர்த்தப்பட்டார். அங்கே நிறம், இங்கே மொழி.

1967-ஆம் ஆண்டுப் படங்கள் முதல், எம்மொழி நடிகருக்கும் தேசியப் பரிசு உண்டென்றாயிற்று. ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்துக்காக எம்.ஜி.ஆர். அதனைப் பெற்றார். அவர் அப்போது சட்டமன்ற உறுப்பினருமாதலின், நடிப்புக்கா அரசியலுக்கா என்ற வாதம் மூண்டது. சிவாஜிக்கு அச்சிறந்த நடிகர் பரிசு, 2001-இல் மறையும் வரை கிட்டவேயில்லை.