கையறிவும் தொழிற்சொல்லும்: ஹுமாயூன் கல்லறை தரும் சான்று

பழங்கட்டடங்களைப் பேணும் திறன் நூலறிவு, கையறிவு என இருவகைப்படும். நூலறிவு ஏட்டில் நிற்பது. கையறிவு ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குத் தொழிலிடத்திலேயே கைமாறுவது. இந்தியாவில் முன்னது வளர்ந்த காலத்திலேயே பின்னது தேய்ந்தது என்பதற்குத் தில்லியிலுள்ள ஹுமாயூன் கல்லறையின் வரலாறு சான்றாகும்.

இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை 1861-இல் தோன்றியது. அதன் தலைமை இயக்குநர் ஜான் மார்ஷல் 1923-இல் பாதுகாப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டார். புதுப்பித்தலினும் எஞ்சியதைக் காத்தலே முதற்கடன் என்பது அதன் அடிப்படை. இவ்வாறு நெறி வகுக்கப்பட்டது. ஆயின், சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்டு பற்றிக்கொள்ளவே, சுண்ணச்சாந்து வேலை பயில்வோர் அருகினர்.

சுண்ணச்சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகுவது. சுவரின் ஈரம் வெளியேற இடந்தருவது. நீற்றிய சுண்ணாம்பு எப்போது பக்குவமடைந்தது, பூச்சினை எப்போது அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பவற்றைக் கரண்டி பிடித்த கையே அறியும். 'பதம்' என்னும் ஒரு சொல்லில் அடங்கும் இவ்வறிவை அளவுகளால் முற்றும் எழுதிவிட இயலாது.

ஹுமாயூன் கல்லறையின் கூரைமீது 20-ஆம் நூற்றாண்டில் சிமெண்டுக் கலவை இடப்பட்டது. தொல்லியல் துறையோடு இணைந்து ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை 2007-இல் தொடங்கி 2013-இல் நிறைவுசெய்த சீரமைப்பில், ஏறத்தாழ 10 இலட்சம் கிலோ கலவை அகற்றப்பட்டுச் சுண்ணாம்புக் கலவை மீண்டும் இடப்பட்டது. கூரைமேலுள்ள சிறு மண்டபங்களுக்குரிய வண்ண ஓடுகளைச் செய்யும் மரபோ இங்கு அற்றுப்போயிருந்தது. எனவே உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த ஆசான்கள், அண்டையிலுள்ள நிஜாமுதீன் குடியிருப்பின் இளைஞர்களுக்கு அத்தொழிலைப் பயிற்றினர்.

மொழியியல் நோக்கிலும் இது கருதத்தக்கது. செங்கற்பொடியைக் குறிக்கும் 'சுர்க்கி' என்னும் சொல், சிவப்பு எனப் பொருள்படும் பாரசீகச் 'சுர்க்' என்பதன் வழிவந்தது. அது தமிழ்க் கட்டுமான வழக்கிலும் இடம்பெற்றது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தினால் அமைந்தது. தொழில் மறையின், இத்தகைய சொல் பொருள்விளக்கத்தோடு அகராதியில் எஞ்சும். அதன் செய்முறை எஞ்சாது.

ஆதலின் தொழிற்சொற்களைத் தொகுப்போர், அவற்றை வழங்கும் கொத்தரின் செய்முறையையும் உடன் பதிவுசெய்தல் இன்றியமையாதது. அப்பதிவும் பயிற்சிக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது. வண்ண ஓட்டுத் தொழிலில் இங்கு அறுந்த கண்ணி அயல்நாட்டில் எஞ்சியிருந்தது நற்பேறே. ஒவ்வொரு தொழிலுக்கும் அப்பேறு வாய்க்கும் என்பதற்கில்லை.