திருவையாற்று ஆராதனையில் முக்கட்சிப் பிணக்கு

முன்னுரை

விழாக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றின் பொலிவையே பெரிதும் விரித்துரைப்பர். விழாவை நடத்துதற்கு உரியார் யாவர் என்பது பற்றி எழுந்த பிணக்குகளை ஓரிரு சொற்களாற் கூறி அமைவர். பிணக்கை நினைவுகூர்தல் விழாவின் தூய்மைக்கு மாசு என்பது அவர்தம் எண்ணம் போலும். எனினும், ஒரு பொதுவிழாவில் யார்க்கு இடம் இருந்தது, யார்க்கு இல்லை என்பதைப் பிணக்குகளே நமக்குத் தெளிவுற அறிவிக்கின்றன. திருவையாற்றில் ஆண்டுதோறும் நிகழும் தியாகராசர் ஆராதனை இதற்குத் தக்க சான்றாகும். இன்று காண்போர் தொன்றுதொட்ட வழக்கெனக் கருதும் பஞ்சரத்தினக் கூட்டிசை, நெடுங்காலப் பூசலின் முடிவில் விழாவின் நடுவிடம் பெற்றது. அப்பூசல் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தணிந்தது, தணிந்தபின் எஞ்சியது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

உரிமை வினாவின் தோற்றம்

தியாகராசர் 1767-இல் பிறந்து, 1847-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் மறைந்தார். மறைவதற்குச் சற்று முன்னர் அவர் துறவு பூண்டார். இச்செய்தி பின்னர் எழுந்த பிணக்கிற்கு அடிப்படையாதலின் நினைவிற் கொள்ளத்தக்கது. இல்லறத்தார்க்கு ஆண்டுதோறும் நீத்தார் கடன் ஆற்றும் உரிமை வழித்தோன்றல்களைச் சாரும். துறவியர்க்கு அஃதில்லை, அவர்க்குச் சமாதி எடுத்து ஆராதனை நிகழ்த்துவதே மரபு. அவ்வாராதனை மாணாக்கர் கடனாகக் கருதப்படும். மேலும், தியாகராசரின் பெயரன் மகப்பேறின்றி மறைந்தமையின், குருதிவழி உரிமை கோருவாரும் இலராயினர்.

எனவே உரிமை மாணாக்கரிடத்து வந்து நின்றது. அம்மாணாக்கரோ ஒரு வழியினர் அல்லர். வாலாசாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என மூன்று வழியாகப் பிரிந்து, தத்தம் ஊர்களிற் குருவின் நாளைக் கொண்டாடி வந்தனர். காவிரிக்கரையிலிருந்த சமாதி பேணுவாரின்றிச் சிதைந்தது. 1903-இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அந்நிலையைக் கண்டு வருந்திச் சமாதியைப் புதுப்பித்தனர்; குருவின் நாளை அவ்விடத்திலேயே கொண்டாடவேண்டும் என்னும் எண்ணமும் அப்பொழுதே வலுப்பெற்றது.

நாளைப் பகுத்தல்

இவ்வெண்ணத்தைப் பெருவிழாவாக நிகழ்த்தியோர் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர்தம் உடன்பிறந்தார் பஞ்சு பாகவதரும் ஆவர். வேதநெறி வழிபாடு, உஞ்சவிருத்தி, ஊர்வலம், அன்னதானம் என விழா விரிந்தது. விரிந்த அளவிற்குப் பொருளும் ஆட்களும் வேண்டியதாயிற்று. அவற்றோடு பிணக்கும் புகுந்தது. உடன்பிறந்தார் இருவரும் வேறுபட்டுத் தனித்தனியே விழா எடுக்கலாயினர். நரசிம்ம பாகவதர் சார்பினர் பெரிய கட்சியார் எனவும், பஞ்சு பாகவதர் சார்பினர் சின்னக் கட்சியார் எனவும் வழங்கப்பெற்றனர். இசைவாணரும் ஒரு கட்சியைச் சார்ந்தே பாட நேர்ந்தது. பிற்காலத்தில் பெரிய கட்சிக்குச் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரும், சின்னக் கட்சிக்கு வயலின் வல்லுநர் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையும் தலைமை தாங்கினர்.

இப்பிணக்கிற்கு அவர்கள் கண்ட தீர்வு, காலத்தைப் பங்கிடுதல் ஆகும். ஆராதனை நாளுக்கு ஐந்து நாள் முன்னே தொடங்கி அந்நாளில் முடிப்பது சின்னக் கட்சியின் விழா. அந்நாளில் தொடங்கி மேலும் நான்கு நாள் நடத்துவது பெரிய கட்சியின் விழா. திதி ஒன்றே ஆதலின் அதனை எவரும் விட்டுக்கொடுக்கவில்லை; முன்னும் பின்னுமாகிய நாட்களே பகுக்கப்பட்டன. இதனால் பூசல் அடங்கியதேயன்றி ஒழிந்திலது. பலவற்றில் வேறுபட்ட இவ்விரு கட்சியாரும் ஒன்றில் மட்டும் ஒத்திருந்தனர்: சமாதியின் முன் பெண்டிர் பாடலாகாது என்பதே அது.

இடத்தைப் பகுத்தல்

இந்நிலையிலேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) திருவையாற்று வரலாற்றிற் புகுகின்றார். தேவதாசியர் மரபில் தோன்றிய இவர் இசையோடு நூற்புலமையும் உடையவர். முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர் தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்துவனம்’ என்னும் நூலை, முன்பதிப்பில் நீக்கப்பட்ட பகுதிகளையும் சேர்த்து 1910-இல் பதிப்பித்தார். அடுத்த ஆண்டு அரசினர் அதனைத் தடைசெய்தனர். விலக்கப்பட்ட குரலுக்காக வழக்காடுதல் அம்மையார்க்குத் திருவையாற்றில் புதிதாக வந்ததன்று என்பது இதனாற் பெறப்படும்.

சமாதியின் சீர்கேட்டைத் தம் ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா வாயிலாக அறிந்த அம்மையார், தம் பொருளைக்கொண்டு அதனைச் சூழ்ந்த நிலத்தைப் பெற்றார். 1921-இல் கோயிற் பணிக்கு அடிக்கல் நாட்டி, 1925-இல் குடமுழுக்கும் செய்வித்தார். கோயில் எழுப்பிய அவர் அதன்முன் அரிகதை நிகழ்த்த விழைந்தபோது, இசைவு மறுக்கப்பட்டது. பணியை ஏற்றுக்கொண்டோர் பாட்டை ஏற்றிலர்.

அம்மையார் இதனால் ஊக்கம் தளர்ந்திலர். 1927 முதல் சமாதியின் பின்புறத்தே பெண்டிரைக்கொண்டு தனி ஆராதனை நடத்தினார். பெண்கள் கட்சி எனப்பட்ட மூன்றாம் கட்சி இவ்வாறு தோன்றிற்று. முன்னைய பிணக்கு நாளைப் பிரித்தது. இப்பிணக்கு முன்புறம், பின்புறம் என இடத்தைப் பிரித்தது.

மூன்று கட்சியாரின் உரிமைக் கோரிக்கைகளையும் ஒப்பிட்டு நோக்குதல் இங்கு இன்றியமையாதது. தில்லைஸ்தானத்தார் கோரியது மாணாக்கர் மரபு பற்றிய உரிமை. கட்சிகளைச் சார்ந்த இசைவாணர் கோரியது, உழைத்தும் பொருள் திரட்டியும் விழாவை வளர்த்தமை பற்றிய உரிமை. நாகரத்தினம்மாள் கோரியதோ பத்திமையும் நிலமும் பற்றிய உரிமை. மரபு தமக்குத் தாராத இடத்தை அவர் பத்திரத்தினாற் பெற்றார். மாணாக்கர் வழியிற் பெண்டிர்க்குப் பங்கில்லை என மறுத்தோரும், நிலவுடைமையை மறுக்க இயலாதோராயினர். சமய நெறியின் பெயரால் அடைக்கப்பட்ட வாயில் சொத்துரிமையின் பெயரால் திறந்தது என்பது, நம் சமுதாய வரலாற்றை ஆராய்வார் ஊன்றி நோக்கவேண்டிய செய்தியாகும்.

கூட்டிசை என்னும் தீர்வு

1940-இல் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. ஐ.சி.எஸ். அலுவலரும் இசைச் சுவைஞருமாகிய எஸ். ஒய். கிருஷ்ணசாமி இதற்குப் பெரிதும் முயன்றார். முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலிய இசைவாணரும் துணைநின்றனர். தியாகப் பிரம்ம மகோற்சவ சபை என்னும் பொது அமைப்பின்கீழ் 1941-இல் விழா ஒன்றாக நடந்தது. பெண்டிரும் அதிற் பாடினர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை அனைவரும் கூடிப் பாடுதல், அவ்வாண்டு முதல் விழாவின் நடுநாயக நிகழ்ச்சியாயிற்று.

இத்தீர்வின் நுட்பம் எண்ணத்தக்கது. தனிக் கச்சேரியில் வரிசை உண்டு. முன்னர்ப் பாடுபவர் யார், பின்னர்ப் பாடுபவர் யார், எவர்க்கு எவ்வளவு நேரம் என்னும் வினாக்கள் உண்டு. ஒவ்வொரு வினாவும் ஒரு பூசலுக்கு வித்தாகும். கூட்டிசையில் இவை எழுவதில்லை. ஐந்து கீர்த்தனைகளும் ஆதி தாளத்தில் அமைந்தமை, பலர் கூடிப் பாடுதற்கும் எளிதாயிற்று. நாளையும் இடத்தையும் பகுத்துத் தீராத பிணக்கு, எதனையும் பகுக்காத ஒரு நிகழ்ச்சியால் தணிந்தது. ஆயினும் ஆடவரும் பெண்டிரும் இருபுறமும் தனித்தனியே அமர்ந்து பாடும் வழக்கு, பழைய பிரிவினையை இன்றும் ஓரளவு நினைவூட்டுகின்றது.

எஞ்சிய வினா

ஒன்றுபட்ட விழாவும் எல்லாப் பிணக்கையும் தீர்த்துவிடவில்லை. 1943-இல் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டு, தமிழிசை இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம் அது. 1946-இல் எம். எம். தண்டபாணி தேசிகர் ஆராதனையில் தமிழ்ப் பாடல் பாடியமை சிலரால் எதிர்க்கப்பட்டது. அவ்வெதிர்ப்பைக் ‘குடி அரசு’ இதழ் கடுமையாகக் கண்டித்தது. ஒருவர்க்கென அமைந்த ஆராதனையில் அவர் பாடல்களையே பாடுதல் முறை என்பது ஒரு சாரார் வாதம். தமிழ்நிலத்தில் தமிழ் மக்கள் திரளும் விழாவில் தமிழ் எவ்வாறு விலக்காகும் என்பது மறுசாரார் வினா. முன்னது வழிபாட்டின் எல்லை பற்றியது. பின்னது மொழியின் மானம் பற்றியது. முறை என்ற அளவில் நின்றிருப்பின் முன்னைய வாதம் ஆராயத்தக்கதே. தூய்மை, தீட்டு என்னும் பேச்சு அதனொடு கலந்தமையாற்றான் அது பலர் உள்ளத்தையும் புண்படுத்திற்று. பெண்டிரை விலக்கிய காலத்தும் இத்தகைய காரணமே கூறப்பட்டது என்பதை மறத்தற்கில்லை.

முடிவுரை

நாகரத்தினம்மாள் 1952-இல் மறைந்தார். அவர்தம் சமாதியும் தியாகராசர் சமாதிக்கு அணித்தே அமைந்துள்ளது. தம் உடைமையை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தபோது, பெண்டிர் அவ்விடத்தில் இசைப்பணி செய்யும் உரிமைக்கு ஊறு நேராவண்ணம் அவர் விதி வகுத்தார். 1941-இல் ஒற்றுமை ஏற்பட்ட பின்னரும் அவ்விதியை எழுத்தில் நிறுத்தவேண்டும் என அவர் கருதியமை நோக்கத்தக்கது. இணக்கம் என்பது மனிதர் உள்ளவரை நிற்பது. எழுத்து அவர்க்குப் பின்னும் நிற்பது என்பதை அவர் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

இவற்றால் யாம் துணிவது இது: பொதுவிழா ஒன்றின் மரபு எனப்படுவது தொடக்கத்திலேயே முழுமையாக அமைந்த ஒன்றன்று; உரிமை கோரியோரும் உரிமை மறுக்கப்பட்டோரும் தம்முள் மாறுபட்டு, பின் இணங்கி அமைத்தது. அதனை ஆராய்வார் விழா அழைப்பிதழ்களையும் கீர்த்தனைப் பதிப்புகளையும் மட்டும் கண்டு அமையாது, நிலப்பத்திரங்களையும் உயில்களையும் அவை நடவடிக்கைக் குறிப்புகளையும் நாளிதழ்களையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும். பஞ்சரத்தினம் ஒருமித்து ஒலிக்குங்கால், அதனுள் முன்புறத்தே நின்றவர் குரலோடு, பதினான்கு ஆண்டுகள் பின்புறத்தே நின்று பாடியவர் குரலும் கலந்துள்ளது என்பதை வரலாற்றாசிரியர் மறவாதிருத்தல் கடன்.