உளுந்தூர்பேட்டை ஓடுதளம் பிறந்த கதை

திண்டிவனம், விழுப்புரம் தாண்டித் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றால் சுங்கச்சாவடியும் சேலம் பிரிவுச் சாலையும்தான். அங்கே ஒரு பழைய விமான ஓடுதளம் இருப்பது பலருக்குத் தெரியாது. போட்டது பிரிட்டிஷ்காரன், போட வைத்தது ஜப்பான்காரன்.

கதையின் தொடக்கம் சீனாவின் மஞ்சூரியாவில். 1931 செப்டம்பர் 18 இரவு, முக்டென் அருகே தங்கள் நாட்டுக்குச் சொந்தமான ரயில் பாதையிலேயே ஜப்பானிய ராணுவ அதிகாரிகள் வெடி வைத்தார்கள். பழியைச் சீனர்மேல் போட்டு மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். டோக்கியோ அரசு இதற்கு உத்தரவிடவில்லை. தடுக்கவும் அதனால் முடியவில்லை. ஜப்பானின் அன்றைய மெய்ஜி அரசியல் சட்டப்படி படைக்குத் தலைவர் பேரரசர், அமைச்சரவை அல்ல. மறு ஆண்டு மே 15 அன்று பிரதமர் இனுகாயை இளம் கடற்படை அதிகாரிகள் அவர் இல்லத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். பணியிலிருக்கும் தளபதியே ராணுவ அமைச்சராகலாம் என்ற விதி 1936இல் திரும்ப வந்தது. ராணுவம் ஆள் தர மறுத்தால் அமைச்சரவையே அமையாது. குடுமி இப்போது முழுசாக ராணுவத்தின் கையில்.

1937இல் சீனாவோடு போர். அது முடியாமல் இழுக்க, எண்ணெயும் ரப்பரும் தேடித் தெற்கே இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன், அந்தமான். ஏப்ரல் 5இல் கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஜனங்கள் மூட்டை கட்டி வெளியூர்களுக்கு ஓடினார்கள்.

சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு என்று மாகாணத்தில் போர்க்கால ஓடுதளங்கள் எழுந்தன. அன்றைய தென்னார்க்காட்டுக்குக் கிடைத்தது உளுந்தூர்பேட்டை: கடலை விட்டு விலகிய சமதரை, பக்கத்திலேயே டிரங்க் ரோடு, விழுப்புரம்–திருச்சி கார்டு லைன்.

பயத்தில் பிறந்த தளம், கடைசியில் படையெடுப்புக்குத் தயாரானது. 1945 ஜூனில் ராயல் விமானப்படையின் 134ஆம் பிரிவு இங்கேதான் 131 என்று புது எண் பெற்றது. மலாயாவை மீட்பதற்காகத் தண்டர்போல்ட் விமானங்களோடு காத்திருந்த பிரிவு அது. அந்த மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்துதான் ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் பிடித்துப் போய், 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் சாகடித்திருந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் மலாயாவில் இறங்கிய பிரிட்டிஷ் படையை எதிர்க்க ஆளில்லை.

ஜப்பான் 1947இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவில் போரையே கைவிட்டது. அமைச்சர்கள் ராணுவத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. 1931இலேயே அந்த ஒரு விதி இருந்து, அதை மதிக்கவும் செய்திருந்தால், தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் போர் விமானத்துக்கு வேலையே இருந்திருக்காது. துப்பாக்கி வைத்திருப்பவனைக் கேள்வி கேட்கும் உரிமையைக் குடிமக்கள் ஒருநாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது.