இஷாப்பூர் துவக்கின் பிறப்பும் பிழைப்பும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் காவலுக்குப் போகிறவரிடம் இருப்பது அநேகமாகப் பன்னிரண்டு போர் சொட்கன். குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். பன்றியைக் கலைக்க அது போதும். யானைக்கு யானை வெடிதான். அந்தத் துவக்குக்கும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். படையாளின் ரைபிள் வேறு இனம். அதன் குழலுக்குள் சுருள்வரி வெட்டியிருக்கும். அந்த வரிதான் சன்னத்தைச் சுழற்றித் தூரத்துக்கு நேராக அனுப்புகிறது. அப்படிப்பட்ட ரைபிளை எடுத்து, வரியைக் கடைந்து நீக்கி, காவல் துவக்காக மாற்றிய இடம் ஒன்று உண்டு: வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை.

மூலத் துவக்கு லீ-என்ஃபீல்ட். ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் போல்ட்டும் பத்துத் தோட்டா மகசீனும், இங்கிலாந்தின் என்ஃபீல்ட் ஆலை வகுத்த சுருள்வரியும் சேர்ந்து வந்த பெயர் அது. 1907இல் வந்த மார்க் 3 வகைதான் இஷாப்பூரில் பல பத்தாண்டுகள் உருவானது. நம்மவர் வாயில் அது ‘திறீ நொட் திறீ’. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அன்று தரையில் நின்ற சிப்பாயின் ரைபிளிலும் பிரென் துப்பாக்கியிலும், திருகோணமலை சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்களின் இறக்கைகளிலும் இருந்தது இதே .303 தோட்டாதான். 1971 ஏப்ரல் கிளர்ச்சி வந்தபோதும் இலங்கைப் பொலிஸ் நிலையங்கள் பெரிதும் இந்த ரைபிளையே நம்பியிருந்தன.

இஷாப்பூர் மாற்றத்துக்கு அடிப்படை அவநம்பிக்கை. 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று வரியில்லாத என்ஃபீல்ட் துவக்குகளைச் செய்து கொடுத்தவர்கள் பிரித்தானியர். அதே புத்தி அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பொலிஸுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுக்க .303 ரைபிளின் குழலை .410 அளவுக்கு வழுவழுப்பாகக் கடைந்தார்கள். பல துவக்குகளில் மகசீன் இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கினார்கள். பறிபோனாலும் படையின் தோட்டா அதற்குப் பயன்படாது. திறமான ஆயுதம் ஒன்றைத் தெரிந்தே தரம் குறைத்த வேலை இது. ஆகவே இதன் தரத்தை எடைபோடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எதைச் சேர்த்தார்கள் என்றல்ல, எதை எடுத்தார்கள் என்று.

அடுத்தது எண்கள். உடல், போல்ட், குழல் மூன்றிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். லீயின் போல்ட் பின்புறத்தில்தான் பூட்டிக்கொள்ளும். போல்ட்டை அந்தந்த உடலுக்குப் பார்த்துப் பொருத்தியிருப்பார்கள். வேறொன்றின் போல்ட்டைச் செருகினால் போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிவிளிம்புக்கும் உள்ள இடைவெளி கூடிப்போகலாம். வெடித்த பித்தளைக் கோதின் அடிப்பக்கத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அது நல்ல சகுனமல்ல. அந்தக் கோது அங்கேதான் கிழியும். பிறகு குழல் வாய். துப்புரவுக் கயிற்றை ஆண்டுக்கணக்காகக் கோணலாக இழுத்து இழுத்து வாயின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து உப்பை விட்டுப் போவதால், கழுவாத குழல் உள்ளே அரித்துக் கிடக்கும். வாவிக்கரை போன்ற உப்புக்காற்று ஊர்களில் மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் துருவைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. மகசீனுக்கு முன்னால் மரத்தைக் குறுக்கே துளைத்துப் போட்ட திருகாணி ஒன்றைக் கண்டு பலர் முகம் சுளிப்பார்கள். அது பழுது மறைத்த வேலையல்ல. மரம் பிளக்காதிருக்க இஷாப்பூர்க்காரர் போட்ட காப்பு, நல்ல தொழில்.

இஷாப்பூரின் இன்னொரு பிள்ளை 2ஏ. 1962 சீனப் போருக்குப் பின் 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்காக வந்தது. பழைய .303ஐ மாற்றிய துவக்கு என்று இதைப் பலர் இன்றும் தாழ்த்திப் பேசுகிறார்கள். அது தவறு. கூடிய அழுத்தத்தைத் தாங்கும் உருக்கில் புதிதாகவே செய்த துவக்கு அது. அவநம்பிக்கையில் பிறந்த .410க்கும் தேவையில் பிறந்த 2ஏக்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்தாலே தெரியும். என் கணக்கில் இஷாப்பூரின் சிறந்த வேலை 2ஏ.

உபரியானவை கடல் கடந்தன. .410 துவக்குகள் அமெரிக்காவுக்குப் போய், அங்கத்தைய .410 தோட்டாவுக்கு ஏற்ப அறையை மறுபடி கடைந்து விற்கப்பட்டன. ஒரே குழலில் இரண்டாம் கைவேலை என்பதால் அவற்றில் ஒன்று போல் ஒன்று இராது. கனடாவின் வடக்கில் ரேஞ்சர் படையினர் அண்மைக்காலம் வரை மாற்றாத லீ-என்ஃபீல்டையே சுமந்தார்கள்; பனியிலும் அது சிக்காது என்ற நம்பிக்கை அவர்களுக்கு.

போலியும் உண்டு. பாகிஸ்தானின் தர்ரா பட்டறைகள் முத்திரையையும் சேர்த்தே நகலெடுத்தன. விக்டோரியா மகாராணி 1901இல் இறந்தார்; அவர் முத்திரைக்குக் கீழே 1912 என்று பொறித்த துவக்கு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். அசல் இஷாப்பூரில் முதலில் பிரித்தானிய முடி, இந்தியா குடியரசான பிறகு அசோகச் சிங்கம். பிறந்த இடம், காலம், கைமாறிய வழி எல்லாம் அந்தச் சில அங்குல இரும்பில் இருக்கின்றன. பளபளப்புக்காக அதைத் தேய்த்து அழித்த துவக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தரமற்றதே.

போர் தின்ற மண் நமது. வயல் உழும்போதோ வாவியில் வலை இழுக்கும்போதோ பழைய துவக்கு இரும்பு அகப்பட்டால் தொடாதீர்கள், துருவைச் சுரண்டாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கக் கூடும். கிடந்த இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.